மௌனத்தின் விலை

அடுத்த வீட்டில் அலறல் கேட்கையில் கதவைச் சாத்திக்கொள்பவனை நாம் நல்லவன் என்பதில்லை. அடுத்த நாட்டில் அலறல் கேட்கையில் வாய்மூடி இருக்கும் அரசையோ விவேகமுள்ள அரசு என்று பாராட்டுகிறோம். தனிமனிதனுக்கு ஓர் அறம், அரசுக்கு வேறோர் அறமா?

கிழக்குத் திமோரின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது. 1975 டிசம்பர் 7-இல் இந்தோனேசியப் படைகள் அங்கே புகுந்தன. வெளியேறுமாறு ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அம்மாதமே கேட்டுக்கொண்டது, படைகள் வெளியேறவில்லை. பொதுப்பேரவையில் 1975-இல் 72 நாடுகள் திமோருக்காக வாக்களித்தன. 1982-இல் 50 மட்டுமே. துயரம் குறையவில்லை, உலகின் அக்கறைதான் குறைந்தது. 1989-இல் ஆஸ்திரேலியா, திமோர்க் கடலின் எண்ணெய் வளத்தைப் பகிர்ந்துகொள்ள இந்தோனேசியாவுடன் உடன்படிக்கையே செய்துகொண்டது.

1991 நவம்பர் 12-இல், தலைநகர் திலியின் சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்தில், கொல்லப்பட்ட இளைஞர் ஒருவரை நினைவுகூரக் கூடியவர்கள்மீது படையினர் சுட்டனர். திமோர் மக்களின் கணக்கில் மாண்டவர் 271 பேர். பத்திரிகையாளர் மாக்ஸ் ஸ்டால் தாம் எடுத்த ஒளிநாடாவைக் கல்லறை மண்ணில் புதைத்துக் காத்தார். உலகம் அதைக் கண்டபின்னரே அரசுகள் அசைந்தன. நெதர்லாந்து, டென்மார்க், கனடா ஆகியவை புதிய உதவிகளை நிறுத்திவைத்தன. அமெரிக்கக் காங்கிரஸ் 1992-இல் இராணுவப் பயிற்சி நிதியை நிறுத்தியது.

பகிரங்கக் கண்டனம் பிடிவாதத்தையே வளர்க்கும், மறைவாகப் பேசுவதே பயன் தரும் என்பர் சிலர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 1992 மார்ச்சில் இந்தோனேசியா நெதர்லாந்தின் உதவியையே வேண்டாமென உதறியது. கண்டித்த நாடு தன் செல்வாக்கை இழந்தது. சிறையிலிருப்பவரின் உயிரைக் காக்க மெல்லிய குரலில் பேசுவது குற்றமன்று. ஆனால் அப்பேச்சு யாரைக் காத்தது என்று ஒருநாள் காட்டியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் இணக்கம் ஈட்டியது எண்ணெய் உரிமை. அதன் விலையைச் செலுத்தியவர்களோ திமோர் மக்கள். மௌனம் யாருக்காக, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்னும் இவ்விரு வினாக்களே விவேகத்தையும் தன்னலத்தையும் பிரித்துக்காட்டும் உரைகல்.

1999 வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் விடுதலையை நாடினர். 2002 மே 20-இல் நாடு விடுதலை பெற்றது. 1974 முதல் 1999 வரை குறைந்தது ஏறத்தாழ 1,02,800 பேர் மோதலின் விளைவாக மாண்டனர் என்று உண்மை ஆணையம் பின்னர் மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயும். அந்தச் சாவுகளைக் காட்ட ஒளிநாடா எதுவும் இல்லை.

கண்டபின் கலங்குவது இயல்பான இரக்கம். காணாத இடத்தில் நிகழ்வதையும் கேட்டறிந்து பேசுவதே கடமை. நாடுகளின் மனச்சான்று விழித்தெழ, எத்தனை கல்லறைகள் இன்னும் ஒளிநாடாக்களைக் காத்துத் தரவேண்டும்?