முன்னோர் விட்டுச்சென்ற அமானிதம்



பழைய பள்ளியோ மத்ரஸாவோ ஒழுகத் தொடங்கிவிட்டால் ஜமாஅத்து இரண்டு கட்சியாகி விடுகிறது. "இடித்து மாடி எழுப்பினால் கீழே கடை வாடகை வரும்" என்பர் ஒரு சாரார். "முன்னோர் கட்டியது, ஒரு செங்கல்லையும் தொடாதே" என்பர் மறுசாரார். மார்க்கம் என்ன காட்டித் தருகிறதென்று நாம் பார்க்க வேண்டாமா?

நாயகம் (ஸல்) அவர்களின் முப்பத்தைந்தாம் வயதில் குறைஷிகள் சிதைந்த கஃபாவைப் புதுப்பித்தார்கள். நல்ல சம்பாத்தியம் போதாமற்போகவே, ஹத்தீமை வெளியே விட்டுக் கட்டடத்தைச் சுருக்கினார்களேயன்றிக் கெட்ட பணத்தைக் கலக்கவில்லை. பின்னாளில் இப்றாஹீம் (அலை) அவர்களின் அஸ்திவாரத்தின்மீதே கஃபாவைத் திருப்பிக் கட்ட நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியும், புதிதாய் இஸ்லாத்துக்கு வந்தோரின் உள்ளம் கலங்குமென்று விட்டுவிட்டார்கள். ஆனால் மதீனாப் பள்ளியில் இடம் போதாதபோது உமர் (ரலி), உஸ்மான் (ரலி) இருவரும் அதை விரிவாக்கத் தயங்கவில்லை. ஆகவே இடிப்பதும் காப்பதும் தேவையையும் நிய்யத்தையும் பொறுத்தவை.

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் சூலியா முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்காவைப் பாருங்கள். 1974இல் அது தேசிய நினைவுச்சின்னமாயிற்று. பட்டம் கிடைத்ததால் சுவர் உறுதிப்பட்டு விடவில்லை. பழுதுற்று மூட வேண்டியதாயிற்று. 2007இல் வேலை தொடங்கி, 2011இல் இந்திய முஸ்லிம் பாரம்பரிய நிலையமாகத் திறந்தார்கள். அறிவிப்பல்ல, உழைப்பே அதைக் காத்தது.

சிலிம் ரிவரில் கடை வைத்துப் பிழைக்கும் நமக்குக் கணக்குத் தெரியும். நகர்ந்த ஓட்டை அன்றே சரிசெய்தால் சில்லறைச் செலவு. பத்து வருஷம் விட்டால் உத்திரமே போய்விடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர்மேல் சிமெண்டு பூசினால், ஈரம் உள்ளே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும். நாமே பாழாக்கிவிட்டுப் பிறகு "பழசாகிவிட்டது" என்பது நியாயமா?

வக்ஃபு நம் சொத்தல்ல. இந்நாட்டில் அது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. நாம் நாலுபேர் கூடிக் கைதூக்கி இடித்துவிட முடியாது. ஷாஃபிஈ மத்ஹபிலோ, பள்ளி இடிந்து விழுந்தாலும் அந்த இடத்தை விற்க முடியாது.

எனவே, கடப்பாரையைத் தூக்குமுன் மூன்று கேள்வி கேட்போம். பழுதுபார்க்க உண்மையாகவே வழியில்லையா? வக்ஃபு செய்தவரின் நோக்கம் நிறைவேறுமா? செலவிடும் பணம் ஹலாலா? மூன்றுக்கும் பதில் சரியென்றால் பிஸ்மில்லாஹ் சொல்லிப் புதிதாகக் கட்டுவோம். இல்லையேல் ஏணியை எடுத்துக் கூரைமேல் ஏறுவோம். எப்படியாயினும் ஐந்து வேளையும் ஸஃபை நிரப்புவது நம் கடமை. ஆளில்லாத பள்ளி புதிதாயிருந்தாலும் பாழே.

அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.