நினைவிழந்தோரின் ஈகை

முதியவர் ஒருவர் தம் மக்களின் பெயரை மறந்துவிட்டார். காலையில் உண்டதையும் மறந்துவிட்டார். பல்லாண்டுகள் வாழ்ந்த தம் இல்லத்தையே அயலார் இல்லம் என எண்ணி, ‘வீட்டுக்குப் போகவேண்டும்’ என்று வாயிலில் நிற்கின்றார். இத்தகையவருக்கு நாம் ஆற்றவேண்டிய கடமை யாது? உணவு, உடை, மருந்து, காவல் ஆகிய நான்கும் என்று பலரும் விடை கூறுவர். அவ்விடை பிழையானதன்று, ஆனால் நிறைவானதும் அன்று. ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறதிநோய் என்பது மூப்பின் இயல்பான தளர்ச்சி அன்று; மூளையைத் தாக்கும் பல நோய்களின் விளைவு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவதை ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர் 1906 ஆம் ஆண்டில் முதன்முதல் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. இந்தியாவில் 60 வயதை எட்டியோருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. அல்ஸைமர் நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆதலின், நோயை எவ்வாறு போக்குவது என்னும் வினா மருத்துவருடையது. நோயுற்றாருடன் எவ்வாறு வாழ்வது என்னும் வினா நம் அனைவருடையதும் ஆகும்.

நோய் நினைவைப் பறிக்கின்றது. எஞ்சியவற்றுள் ஒன்றை நாமே பறிக்கின்றோம். நோயுற்ற தாய் அடுக்களைக்குள் நுழைந்தால், ‘நீங்கள் உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கின்றோம். அன்பினால் சொல்லும் சொல்லே அது. ஆயினும், நாள்தோறும் அதனையே கேட்பவர் அறிந்துகொள்வது யாது? இனித் தம்மால் எவருக்கும் ஆவதொன்றில்லை என்பதே. அவர் எப்போதும் கொள்வார் வரிசையில் நிறுத்தப்படுகின்றார். கொடுப்பார் வரிசையில் அவருக்கு இடமில்லாது போகின்றது. தீய எண்ணம் சிறிதும் இல்லாத பராமரிப்பாளரும், நோயாளியிடம் எஞ்சியுள்ள ஆற்றலைப் பயன்படுத்த விடாமல் அவரைக் குலைப்பதுண்டு என்பதை, இங்கிலாந்தின் உளவியல் அறிஞர் டாம் கிட்வுட் 1997 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

இக்குறைக்கு மாற்று ஒன்றனை நெதர்லாந்து நாட்டில் காணலாம். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட உழவுப் பண்ணைகள் பராமரிப்புப் பண்ணைகளாகவும் இயங்குகின்றன. அவை மறதிநோயாளருக்கென்றே அமைந்தவை அல்ல. மனநோயுற்றோரும் பிற குறைபாடுடையோரும் அவற்றுக்கு வருகின்றனர். மறதிநோயுற்ற முதியோர் பலர் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புவர். சில பண்ணைகளில் இரவும் பகலும் தங்கி வாழ்வோரும் உளர். நார்வே நாட்டிலும் இத்தகைய பகற்காப்புப் பண்ணைகள் உண்டு. கருத்து முற்றும் புதியதன்று. மனநோயாளரைச் சங்கிலியால் பிணித்துவைத்த காலத்திலேயே, 1796 இல், இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பார் ஓர் இல்லம் திறந்தார். அதன் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் விடப்பட்டிருந்தன.

பராமரிப்புப் பண்ணையில் நடைபெறுவது யாது? கோழிக்குத் தீனி இடுதல், முட்டை எடுத்தல், ஆட்டுக்குப் புல் வைத்தல், முற்றம் பெருக்குதல், உருளைக்கிழங்கின் தோல் சீவுதல் போன்ற எளிய வேலைகளே. இவற்றில் என்ன சிறப்பு என்று கேட்கலாம். நோயுற்றவரைக் காண வரும் மனிதர், ‘நான் யார், தெரிகிறதா?’ என்று முதலில் ஒரு தேர்வு வைக்கின்றனர். அத்தேர்வில் அவர் நாள்தோறும் தோற்கின்றார். கோழி அவ்வாறு கேட்பதில்லை. அவர் பெயரும் ஊரும் அதற்கு வேண்டா. அவர் கையிலுள்ள ஒரு பிடி தானியமே வேண்டும். அவர் கொடுக்கின்றார், அது கொத்தி உண்கின்றது. அக்கணத்தில் அவர் நோயாளி அல்லர். ஓர் உயிரின் பசியைத் தணித்தவர்.

மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தார் 18 இடங்களில் வாழ்ந்த 115 பேரை ஆராய்ந்து 2017 இல் தம் முடிவை வெளியிட்டனர். பண்ணைகளில் வாழ்ந்தோர், வழக்கமான பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தோரைவிட மிகுதியாக வெளியே வந்தனர், வீட்டு வேலைகளில் ஈடுபட்டனர், பிறருடன் பழகினர். எனினும், மிகைபடக் கூறுதல் வாய்மைக்கு இழுக்காகும். பிராணிகளின் துணையுடன் செய்யும் சிகிச்சையைப் பற்றி, மொத்தம் 305 பேர் பங்குகொண்ட 9 சோதனைகளைக் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2019 இல் ஒருங்கே ஆராய்ந்தது. மனச்சோர்வு சிறிது குறையக்கூடும் என்னும் அளவிலேயே அது நன்மை கண்டது. அதற்கும் சான்று வலுவானதன்று என்றது. நாயும் கோழியும் இழந்த நினைவை மீட்டுத் தருவன அல்ல. நாம் பேசுவது மருந்தைப் பற்றி அன்று, அறத்தைப் பற்றி.

இனி, எழக்கூடிய தடைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

‘மாலைக்குள் மறந்துவிடும் ஒருவருக்குக் காலையில் மகிழ்ச்சி அளிப்பதால் பயன் என்ன?’ என்பது முதல் தடை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்ஸைமர் நோயுற்ற 17 பேருக்குத் துயரூட்டும் படக்காட்சிகளும் மகிழ்வூட்டும் படக்காட்சிகளும் காட்டப்பட்டன. கண்டவற்றை அவர்கள் விரைவில் மறந்தனர். ஆயினும், கண்டதனால் எழுந்த துயரும் மகிழ்வும் அதற்குப் பின்னரும் அவர்களிடம் நின்றன. 2014 இல் வெளியான செய்தி இது. ஐங்கந்தங்களைக் கற்ற நமக்கு இது வியப்பளிக்கலாகாது. அடையாளம் காணும் குறிப்பு சிதைந்தபோதும் நுகர்ச்சி உடன் அழிந்துவிடுவதில்லை. நினைவே ஆன்மா என்று கொள்வார்க்கு, நினைவு போனவுடன் ஆளும் போய்விட்டார் எனத் தோன்றும். நிலையான ஆன்மா எவரிடத்தும் இல்லை எனக் கண்ட நாம் அவ்வாறு கூற இயலாது. நேற்றைய நாமும் இன்றைய நாமும் ஒன்றல்ல. துன்பம் நேருமிடத்தில் கருணைக்கு வேலை உண்டு. கடுஞ்சொல் சொன்னதை அவர் மறப்பார். சொல்லால் விளைந்த கலக்கம் அவரிடம் தங்கும். அன்பும் அவ்வாறே தங்கும்.

இரண்டாவது தடை: ‘இவ்வேலை வெறும் நடிப்பன்றோ? குழந்தைக்குப் பொம்மை கொடுப்பது போன்றதன்றோ?’ ஜப்பானில் உருவாக்கப்பட்ட ‘பாரோ’ என்னும் இயந்திரம் கடல்நாய்க் குட்டியின் வடிவினது. தடவினால் குரல் எழுப்பும், கண் சிமிட்டும். பிராணிகளை நெருங்க இயலாதார்க்கு அது ஆறுதல் தருமாயின், அதனைப் பழிப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் பசி இல்லை. அதற்கு எவரும் எதுவும் ஈய இயலாது. கோழியின் பசி மெய். எடுத்த முட்டையும் மெய். அம்முட்டை அன்றைய உணவில் சேர்வதும் மெய். பயனற்ற வேலையைப் பயனுடையதுபோலக் காட்டி ஏய்ப்பது வேறு. சிறியதே ஆயினும் மெய்யான வேலையை ஒப்படைப்பது வேறு. பின்னதில் பொய் இல்லை.

மூன்றாவது தடை பிராணிகளின் பக்கத்தினின்று எழுவது. மனிதர் துயர் தணிக்க வாயில்லா உயிரைக் கருவியாக்கலாமோ? முதற் சீலத்தை ஏற்றோர் இவ்வினாவை ஒதுக்க இயலாது. நாள் முழுதும் பலர் கைபட்டு வருந்தும் முயலுக்கு அது சிகிச்சையன்று, சிறை. பண்ணை என்பது உயிர்களை விற்கும் இடமும் ஆகும். இன்று ஒருவர் தடவிக் கொடுத்த கன்று நாளை கொலைக்களம் செல்லலாம். ஆதலின், விரும்பாதபோது விலகிச் செல்லும் உரிமையும், ஓய்வும், முதுமையில் பாதுகாப்பும் அப்பிராணிக்கு உறுதி செய்யப்பட்ட இடத்திலேயே இம்முறை அறமாகும். ஓர் உயிரின் கருணையைக் காக்க மற்றோர் உயிரைப் பலியிடுதல் கருணையாகாது.

நான்காவது தடையே நம்மவர் நெஞ்சுக்கு மிக அண்மையது. மாட்டுத் தொழுவமும் வயலும் எல்லோர்க்கும் இனிய நினைவுகள் அல்ல. பிறர் நிலத்தில் பண்ணையாளாகப் பிறந்து, சாதியின் பெயரால் அந்த வேலைக்கே கட்டப்பட்டு, செத்த மாட்டை அகற்றவும் பணிக்கப்பட்டவர் நம் முன்னோருள் எத்தனை பேர்! அத்தகைய ஒருவரிடம் மூப்பில் துடைப்பத்தை நீட்டி, ‘இது உமக்கு நல்லது’ என்று கூறுவது கொடுமையாகும். செய்தி மறந்தாலும் இழிவின் உணர்ச்சி மறவாது என்பதை மேலே கண்டோம். ஆகவே, அவர் வரலாற்றை அறிந்தவர் அருகில் இருத்தல் வேண்டும். ‘வேண்டா’ என்று அவர் சொல்லாலோ முகத்தாலோ காட்டினால் அத்துடன் நிறுத்தல் வேண்டும். விருப்பம் இல்லாத இடத்தில் ஈகை இல்லை. ஏவல் மட்டுமே உண்டு.

அங்ஙனமாயின், ஒன்றும் செய்ய இயலாது படுக்கையில் வீழ்ந்தவர் மதிப்பிழந்தவரோ? அல்லர். வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்ட வரலாற்றை நாம் அறிவோம். உம்மை ஏன் எவரும் பேணவில்லை என்று வினவியபோது, தம்மால் மற்றப் பிக்குகளுக்குப் பயன் ஏதும் இல்லாமையே காரணம் என்றார் அவர். பகவான் அக்காரணத்தை ஏற்கவில்லை. தாமே நீர் வார்த்து, ஆனந்தருடன் சேர்ந்து அவரைக் கழுவித் தூக்கிக் கிடத்தினார். பேணப்படும் உரிமை பயனைப் பொறுத்ததன்று. நினைவிழந்தோர் கையில் தானியம் தருவது அவரிடமிருந்து பயன் பெறுதற்கன்று. ஈதலின் இன்பத்தை அவர் இழவாமைக்கே.

இதற்குப் பெரும் பண்ணை வேண்டுவதில்லை. வாயிலில் ஒரு செடிக்கு நீர் ஊற்றலாம், காக்கைக்கும் குருவிக்கும் ஒரு பிடி சோறு வைக்கலாம், அவரைக்காய் உரிக்கலாம். கூட ஒருவர் இருந்து, வழுக்காமல் தாங்கி, பின்னர்க் கை கழுவிவிட்டால் போதும். நேரம் சிறிது கூடும்; சோறு சிறிது சிந்தும். பொறுமை என்பது அங்கேதான் நம்மிடம் கேட்கப்படுகின்றது.

வீட்டில் நினைவிழந்த முதியவர் உள்ளவர்கள், இன்று அவருக்கு என்ன கொடுத்தோம் என்பதோடு, இன்று அவர் யாருக்கு என்ன கொடுக்க இடம் தந்தோம் என்பதையும் உறங்குமுன் தம்மைத் தாமே வினவுவாராக. தானம் செய்வது அறம். பிறர் தானம் செய்ய வழிவிடுவதும் அறமேயாகும்.