கலங்காதே தங்கச்சி, கையில் இருக்கிறது வைத்தியம்!

பெருமாள்மலைத் தங்கச்சி, உன்னிடம்தான் பேசுகிறேன். காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறாய். வாழைத்தாரைச் சுமந்து சரிவில் இறங்குகிறாய். வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் சேரும் முக்கில் சுற்றுலா வண்டிகள் அடைத்து நிற்க, அதற்கு நடுவே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாய். இத்தனையும் செய்கிற நீ, குழந்தையின் தொடை இடுக்கு சிவந்துவிட்டால் மட்டும் ஏன் நடுங்குகிறாய்? குளவி கொட்டினால் ஏன் நாலு பேர் வாயைப் பார்க்கிறாய்? “எனக்கு என்ன தெரியும்?” என்கிறாய். தெரிந்துகொள்! யார் உன்னைத் தடுப்பது?

1845-இல் மதுரையிலிருந்து அமெரிக்க மிஷன் பாதிரிமார் இந்த மலைக்கு வந்து இரண்டு வீடு கட்டினார்கள். கொடைக்கானல் ஊர் தொடங்கியது அப்படித்தான். சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து ஏறி வந்தார்கள். கொசுக்கடியால் மலேரியா பரவுகிறது என்று அன்று எந்த டாக்டரும் நிரூபித்திருக்கவில்லை. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகுதான் வழி திறந்தது. படிப்பும் பணமும் இருந்தவர்கள், காரணம் தெரியாததால் ஓடினார்கள். அவர்களுக்குக் கிடைக்காத அறிவு இன்று உன் தெரு மெடிக்கல் கடை வரை வந்து நிற்கிறது. நீ ஏன் ஓட வேண்டும்?

முதலில் குழந்தை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் துணி காயாது. அதனால் டயப்பர். குளிரில் அவிழ்க்க மனம் வராது. அதனால் விடிய விடிய அதே டயப்பர். புண் வந்ததும் “பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை” என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சைத் தூக்கி எறி! ஈரத்தில் ஊறிய தோல் பலம் இழக்கிறது. மூத்திரமும் மலமும் கலக்கும்போது தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. இதில் உன் குற்றம் எங்கே வந்தது?

காரணம் தெரிந்துவிட்டது, இனி கை தானாக வேலை செய்யும். மலம் போனால் உடனே மாற்று. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடை. தேய்க்காமல் ஒற்றி எடு. உச்சிவெயில் வரும் நேரத்தில் கொஞ்சம் காற்றாட விடு. பிறகு ஜிங்க் ஆக்சைடு க்ரீமைத் தாராளமாகப் பூசு. அது கிடைக்காவிட்டால் வாஸ்லின் போதும். இவை தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவே சுவராக நிற்கும். அடுத்த முறை அந்தப் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுக்காதே. அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு மேலேயே பூசு. துணிதான் கட்டுவாய் என்றால் அரை ஈரத்தில் கட்டாதே, இஸ்திரி போட்டுக் காயவைத்துக் கட்டு. பவுடர் வேண்டாம், அதன் தூசி குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். போரிக் பவுடர் வேண்டவே வேண்டாம்; புண்பட்ட தோல் வழியே உடலில் ஏறி விஷமாகும்.

இங்கே எனக்குக் கோபம் வருகிறது. “எல்லாத்துக்கும் கேக்கும்” என்று சொல்லி ஒரு ட்யூபை நீட்டுகிறார்களே, அதற்குள் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் சிவப்பு மறையும்; உள்ளே பூஞ்சை வளரும், தோல் மெலியும். 2018-இல் மத்திய அரசு 14 வகைப் பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை. கடை வாசலில் நிமிர்ந்து நின்று கேள்: “இதில் ஸ்டீராய்டு இருக்கா?” கேட்பது உன் உரிமை! மடிப்புக்குள் அடர்சிவப்பாகி, சுற்றிலும் புள்ளி புள்ளியாகப் பரவினால் அது பூஞ்சை. கொப்புளம், சீழ், காய்ச்சல், மூன்று நாளாகியும் ஆறாத புண், இவற்றையெல்லாம் டாக்டரிடம் காட்டு.

இனி கொட்டுகிறவை. இதே மலையில் பளியர்கள் பாறைத் தேன் எடுக்கிறார்கள். தேனீயின் குணம் தெரிந்து போகிறார்கள். உனக்கும் தெரியட்டும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். அதனோடு இருக்கும் பை துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே தள்ளும். அரை நிமிடத்துக்குள் பெரும்பகுதி இறங்கிவிடும். நகத்தால் சுரண்டலாமா, பிடுங்கலாமா என்று யோசித்து நிற்காதே. எப்படி எடுத்தாலும் சரி, சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம் என்று 1996-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொல்லிவிட்டது. கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாசனை போல ஒன்று கிளம்பும்; கூட்டத்தைக் கூப்பிடும் வாசனை அது. அங்கே நிற்காமல் விலகு. குளவியும் கதண்டும் கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும்.

சுண்ணாம்பு தடவினால் விஷம் முறியும் என்பார்கள். முறியாது, புண்தான் மிஞ்சும். சோப்புப் போட்டுக் கழுவு, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வை. அரிப்புக்குக் கேலமைன் லோஷன், பெரியவர்களுக்குச் செட்ரிசின் மாத்திரை. இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் அந்த மருந்து வேண்டாம்.

ஒரு கடி மட்டும் வலிக்காது. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் கடி அது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கும். அக்குளிலோ இடுப்பிலோ மார்புக்குக் கீழோ சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கலாம். உண்ணிக் காய்ச்சல் என்பது இதைத்தான். இதற்குக் கடை மாத்திரை உதவாது. டாக்டர் கேட்காவிட்டாலும் நீயே சொல்: “தோட்டத்தில் வேலை செய்கிறேன், இங்கே ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறது.” வெட்கத்தை விட்டுக் காட்டு! டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்று மருந்து இருக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று 2023-இல் காட்டியவர்கள் நம் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள். நேரத்தோடு போனால் பிழைக்கலாம்.

கடைசியாக, துணிச்சலிலேயே பெரிய துணிச்சல். கொட்டிய சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால், ஒரு நொடியும் வீட்டு வைத்தியம் கூடாது. வாய்க்குள் கொட்டினாலும், பல பூச்சிகள் சேர்ந்து கொட்டினாலும் அப்படியே. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்து. மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும், நடக்கவிடாதே. 108-ஐக் கூப்பிடு. அழாமல் சொல்: “கதண்டு கொட்டிடுச்சு, மூச்சு வாங்குது, பெருமாள்மலை, பழனி ரோடு பிரியுற இடம்.” ஒரு ஆளை ரோட்டில் நிறுத்து. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும், அதைக் கேட்கத் தயங்காதே. வீக்கம் வடிந்தாலும் உடனே கிளம்பாதே. சில மணி நேரத்தில் மறுபடியும் வரலாம். டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே இரு.