‘சும்மா’ என்று யார் சொல்லலாம்?

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போம். பயப்படாதீர்கள், நாலாங்கிளாஸ் கணக்குதான்.

நெட்டப்பாக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாண்டிச்சேரியிலிருந்து வில்லியனூர், ஏம்பலம் தாண்டி மடுகரைக்குப் போகிற வழியில் இருக்கிறதே, அந்த நெட்டப்பாக்கம். 1954 மார்ச் 31-ம் தேதி, பிரெஞ்சு ஆட்சியை உதறிவிட்டு எதுவார் குபேர் தலைமையில் தற்காலிக அரசாங்கம் அமைந்த அதே ஊர். நம் பெண்மணிக்கும் அந்தச் சரித்திரத்துக்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சமையலை முடித்து, துணி துவைத்துக் காயப்போட்டபிறகு, குரோஷா ஊசியும் உல்லன் நூலுமாகத் திண்ணையில் உட்காருவார். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு யானைக்குட்டி பின்னுவார்.

யானைக்கு ஆறு மணி நேரம் பிடிக்கிறது. நூல், உள்ளே திணிக்கிற பஞ்சு, கண்ணுக்கு இரண்டு மணி எல்லாம் சேர்த்துச் செலவு 60 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஓர் ஓரமாக வைத்து விற்கிறார். விலை 150 ரூபாய்.

இப்போது நீங்கள் வருகிறீர்கள். யானையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறீர்கள். பிடித்திருக்கிறது. பிடித்தது வெளியே தெரியக் கூடாது என்பது பேரத்தின் முதல் விதி. எனவே முகத்தைச் சுளித்து, “என்னம்மா, இத்தனூண்டு நூல் பொம்மைக்கு நூத்தம்பதா? நூறுன்னா குடும்மா” என்கிறீர்கள்.

தப்பா? இல்லை என்றுதான் சொல்வீர்கள். பேரம் நம் பிறப்புரிமை. கத்தரிக்காய்க்கும் பேசுகிறோம், கல்யாண மண்டபத்துக்கும் பேசுகிறோம். யானைக்குட்டிக்கு மட்டும் பேசக் கூடாதா?

அதற்குப் பதில் சொல்லும் முன்னால், அந்த யானை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

‘குரோஷே’ என்றால் பிரெஞ்சில் சின்னக் கொக்கி. அந்தக் கொக்கி ஒன்றுதான் ஆயுதம். இந்த மாதிரி குட்டிப் பொம்மைகளை ஜப்பான்காரர்கள் ‘அமிகுருமி’ என்கிறார்கள். உலகம் முழுக்க இப்போது அதே பெயர்தான். யானையின் தலையை ஆறு கண்ணிகள் கொண்ட குட்டி வளையத்தில் ஆரம்பிக்க வேண்டும். அடுத்த சுற்றில் 12 கண்ணி. அதற்கடுத்து 18. அப்படியே 24, 30, 36 என்று பெருக்கிக்கொண்டு போனால் தட்டு மாதிரி விரியும். அப்புறம் கூட்டாமல் குறைக்காமல் 36 கண்ணியாக ஆறு சுற்று. பிறகு வந்த வழியே திரும்பி 30, 24, 18, 12, 6. நடுவில் பஞ்சைத் திணித்து வாயை மூட வேண்டும். கூட்டிப் பார்த்தால் தலைக்கு மட்டும் 432 கண்ணி. உடம்பு, நாலு கால், இரண்டு காது, தும்பிக்கை, வால் எல்லாம் தனித்தனி. ஆயிரம் கண்ணியைச் சாதாரணமாகத் தாண்டும். நடுவில் ஓர் இடத்தில் எண்ணிக்கை தப்பினாலும் யானைக்கு முகம் கோணிவிடும். பிரித்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. பின்னலாடைக்கு இயந்திரம் வந்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-லேயே காலுறை பின்னும் இயந்திரம் செய்துவிட்டார். ஆனால் குரோஷா அப்படியில்லை. ஒவ்வொரு கண்ணிக்கும் கொக்கியை, ஏற்கெனவே போட்ட பின்னலில் சரியான ஓட்டை தேடி நுழைக்க வேண்டும். தட்டையாக இல்லாமல் உருண்டு திரும்பி வளைகிற பொருளில், கை செய்கிற இந்தக் காரியத்தைக் கடைகளுக்கு மூட்டை மூட்டையாகச் செய்து அனுப்பும் இயந்திரம் இன்றுவரை இல்லை. ஆகவே நீங்கள் எங்கே ஒரு குரோஷா பொம்மையைப் பார்த்தாலும், அது பாண்டிச்சேரி பிளாட்பாரமாக இருந்தாலும் சரி, பாரீஸ் ஷோரூமாக இருந்தாலும் சரி, அதன் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்... ஒன்று, இரண்டு, மூன்று என்று.

இப்போது கணக்குக்கு வருவோம். 150 ரூபாயில் சாமான் செலவு 60 போனால் மிச்சம் 90. ஆறு மணி நேரத்துக்கு 90 என்றால், மணிக்கு 15 ரூபாய். நீங்கள் கேட்டபடி நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் மிச்சம் 40. மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. ஒப்பிட ஒன்று வேண்டுமே! 2025-26-ம் ஆண்டுக்கு, நூறு நாள் வேலைக்குப் புதுச்சேரியில் மத்திய அரசு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42. ஏரி தூர் வாரப் போனால் 42, யானை செய்தால் 15, பேரத்துக்குப் பிறகு ஏழு!

உடனே நம் மனசு ஒரு சமாதானம் சொல்லும். “வீட்ல சும்மா இருக்கிற நேரத்துலதானே பண்றாங்க!”

இந்தச் ‘சும்மா’வைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும். தமிழில் இதைப்போல ஒரு பொல்லாத வார்த்தை கிடையாது. வேலை இல்லாமல் இருந்தாலும் சும்மா. காசு வாங்காமல் கொடுத்தாலும் சும்மா. காரணமே இல்லாமல் பிரியத்தில் செய்தாலும் சும்மா. “சும்மாதானே இருக்கே, எனக்கு ஒண்ணு சும்மா போட்டுக் குடேன்” என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, முதல் சும்மாவை வைத்து இரண்டாவது சும்மாவை வாங்கிவிடுகிறார்கள்!

ஆந்திராவில், மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நர்சாபூர் என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா லேஸ் பின்னுகிறவர்கள். 19-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் கற்றுக்கொடுத்தது. மேஜை விரிப்புகளும் லேஸ்களும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. ஜெர்மனியைச் சேர்ந்த சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய் ஆராய்ச்சி செய்து 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டு வேலை போக, அந்தப் பெண்கள் தினமும் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததோ விவசாயக் கூலியைவிடக் குறைவு. ஏன் இவ்வளவு குறைவு? அவர்களை யாரும் தொழிலாளிகள் என்றே கணக்கில் வைக்கவில்லை. ‘குடும்பப் பெண்கள், பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்.’ எட்டு மணி நேரப் பொழுதுபோக்கு! அந்த ஒரு சும்மாவை நம்பி ஓர் ஏற்றுமதித் தொழிலே நடந்திருக்கிறது.

“சரி, பின்னுவது அவங்களுக்கும் சந்தோஷம்தானே? அந்த சந்தோஷமே ஒரு கூலிதானே?” என்று நீங்கள் கேட்கலாம். சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ‘மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்’ என்ற குழுவினர் 2016 ஜனவரி 31-ம் தேதி சென்னையில் 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரு குரோஷா போர்வையைப் பரப்பிக் கின்னஸில் ஏறினார்கள். கூலிக்காகவா செய்தார்கள்? ஊசியும் நூலும் தருகிற நிம்மதி, போட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் பாடகருக்கும்தான் பாடுவதில் சந்தோஷம். அதற்காகக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்காமலா போகிறோம்? ஒருத்தர் வேலையை ரசித்துச் செய்கிறார் என்பது கூலியைக் குறைக்கக் காரணமென்றால், சிடுசிடுப்பவர்களுக்குத்தான் சம்பளம் அதிகம் தர வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் மீட்டர் போட்டுவிட வேண்டியதுதானா? அன்பு, அன்பளிப்பு எதற்கும் இடமில்லையா? இங்கேதான் எனக்கு இரண்டு பொம்மைகள் ஞாபகத்துக்கு வருகின்றன.

முதல் பொம்மை நம் பக்கத்தில் பிறந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் ‘உபாசனா’ என்ற நிறுவனத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, பக்கத்து மீனவ கிராமத்துப் பெண்களைக் கூப்பிட்டு மிச்சத் துணிகளில் குட்டிப் பொம்மை செய்யவைத்தார். பேர் ‘சுனாமிகா’. கடலைப் பார்க்கவே பயந்து கிடந்தவர்களுக்குக் கைக்கு ஒரு வேலை கொடுத்த பொம்மை அது. சுனாமிகாவுக்கு ஒரு நிபந்தனை: அதை விற்கக் கூடாது. யாருக்கும் பரிசாக மட்டுமே தரலாம். நன்கொடை வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கவனியுங்கள், செய்த பெண்களுக்கு அது வருமானம். பொம்மைக்கு விலை கிடையாது, கைக்குக் கூலி உண்டு. நர்சாபூரில் நடந்தது நேர் தலைகீழ். லேஸுக்கு விலை உண்டு, கைக்குத்தான் கூலி இல்லை.

இரண்டாவது பொம்மை டென்மார்க்கில் பிறந்தது. 2013-ல், குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்காக நூலில் ஒரு ஆக்டோபஸ் பின்னிக் கொடுத்தார்கள். இன்குபேட்டரில் கிடக்கிற சிசு, மூக்கிலும் உடம்பிலும் செருகியிருக்கிற டியூப்களைப் பிடித்து இழுக்கும். ஆக்டோபஸின் சுருள் கைகள் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். தொப்புள்கொடி மாதிரி இருக்கிறதோ என்னவோ என்றார்கள். தன்னார்வலர்கள் கூடிப் பின்ன ஆரம்பித்தார்கள். பல நாடுகளுக்குப் பரவியது. தாயின் நெஞ்சோடு சேர்த்து அணைத்துவைக்கும் கங்காரு முறைக்கு இருப்பதுபோல இதற்கு வலுவான மருத்துவ ஆதாரம் கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பின்னுகிறவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட சட்டத்தைப் பாருங்கள். சுத்தமான பருத்தி நூலாக இருக்க வேண்டும். 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும். இழுத்துப் பிடித்தாலும் கை 22 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது, குழந்தையைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே வராதபடிக் கண்ணி நெருக்கமாக இருக்க வேண்டும். காசு வாங்காத வேலையில் இத்தனை கண்டிப்பு! நன்றி சொல்லத் தெரியாத, முகம் பார்த்துச் சிரிக்கக்கூடத் தெரியாத ஓர் உயிருக்கு...

இதுவும் சும்மா கொடுத்ததுதான். ஆனால் இந்தச் சும்மாவைக் கேட்டால் நமக்குக் கூசவில்லை. நர்சாபூர் சும்மாதான் கூசுகிறது. ஏன்? வித்தியாசம் பொருளில் இல்லை, காசிலும் இல்லை. அந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. டென்மார்க்கில் பின்னிய கையே ‘சும்மா’ என்றது. நர்சாபூரில், வாங்கிய கை ‘சும்மா’ என்றது. என் நேரத்தை நான் தரலாம். என் நேரத்துக்கு மதிப்பில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. வள்ளுவர், வியாபாரிக்கான குறளைப் பொருள் சேர்க்கும் அதிகாரத்தில் வைக்கவில்லை, ‘நடுவு நிலைமை’யில் வைத்திருக்கிறார். அடுத்தவர் பொருளையும் தன் பொருள் மாதிரிப் பார்க்கச் சொல்கிறார். பொருளுக்கே அப்படியென்றால் நேரத்துக்கு? போன பொருளைத் திரும்ப வாங்கலாம். போன ஆறு மணி நேரத்தை எந்தக் கடையில் வாங்குவது?

கடைசியாக ஒரு ஆட்சேபணை இருக்கிறது. கொஞ்சம் கஷ்டமானது. “நியாயக் கூலி போட்டு யானையை 312 ரூபாய்னு சொன்னா யார் வாங்குவா? ஒண்ணுமே விக்காம போறதுக்கு நூறு ரூபா மேல் இல்லையா?”

உண்மைதான். மறுக்க முடியாது. சாயங்காலம் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது, ஸ்கூல் ஃபீஸ் நாளை கட்ட வேண்டும் என்றால், நூறு ரூபாய்க்கும் யானை போகும். “பரவாயில்ல, எடுத்துக்கோங்க சார்” என்று அந்தப் பெண்ணே சொல்வார். அது அவருடைய கணக்கு, அவருடைய நெருக்கடி. அவர் சொல்லலாம். ஆனால் அதே வாக்கியத்தை நாம் சொல்லிப் பாருங்கள்: “ஒண்ணும் இல்லாததுக்கு இது பரவாயில்லதானே?” எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது! ஒரே வாக்கியம், ஒரு வாயில் பொறுமை, இன்னொரு வாயில் திருட்டு.

எல்லோராலும் 312 ரூபாய் கொடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைக்கு வாங்க வந்த பென்ஷன்தாரருக்கு 150-கூடப் பெரிய தொகையாக இருக்கலாம். வாங்காமல் போவதில் ஒரு பாவமும் இல்லை. “அழகா இருக்கும்மா, இப்ப எனக்குக் கட்டாது” என்று சொல்லிவிட்டு நகர்வது கௌரவமான காரியம். குறை என் பர்ஸில் இருக்கிறது, உன் யானையில் இல்லை என்று அதற்கு அர்த்தம். “இத்தனூண்டு நூல் பொம்மை” என்றால் அர்த்தமே வேறு. பணம் குறைவாக இருப்பதை மறைக்க, அடுத்தவர் உழைப்பைக் குறைவாக்குகிறோம்.

அடுத்த தடவை கையால் செய்த ஒரு பொருளை, யானையோ, கூடையோ, பூ வைத்த தலையணை உறையோ, கையில் எடுத்தால், விலை கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சும்மா?” அவர் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்ப்பார். அதுவரை அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பதில் வந்த பிறகு பேரம் பேசத் தோன்றினால் தாராளமாகப் பேசுங்கள்.

தோன்றுகிறதா பாருங்கள்.