குளிக்காத முத்துக்கு விலை

கடந்த நோன்புப் பெருநாளுக்கு எருக்கலம்பிட்டிக்கு வந்திருந்த ராத்தாவின் மகன் என்னிடம் யோசனை கேட்டான். பிட்கொயின் அகழும் புதிய இயந்திரமொன்று அடுத்த வருடம் வெளிவர இருக்கிறதாம். இப்போதே முழுப் பணத்தையும் கட்டுவோருக்கு விலை குறைவாம். அதற்காக உம்மாவின் நகையை அடகு வைக்க எண்ணியிருந்தான். 1990 ஒக்டோபரில் புலிகள் எங்களை வெளியேற்றியபோது ராத்தா வெறுங்கழுத்தோடுதான் கற்பிட்டியில் கரையேறினார். இப்போதிருப்பது புத்தளத்து அகதி வாழ்வில் பாய் இழைத்தும் இடியப்பம் விற்றும் சேர்த்தது.

“இது முதலீடு, மாமா. பேரீச்சம்பழத்துக்கு முன்காசு குடுக்கலாமெண்டா மெஷினுக்கு ஏன் ஏலாது?” என்றான்.

நியாயமான கேள்வி. மதீனாவாசிகள் ஓரிரு வருடங்கள் முன்னதாகவே பழத்துக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுக்கவில்லை; அளவும் நிறையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்றே நிபந்தனையிட்டார்கள். அதுவே ஸலம். ஆகவே முன்பணம் கொடுப்பது குற்றமன்று. ஆனால் குறித்த ஒரு தோட்டத்தின் பழத்துக்கு ஸலம் செய்யலாகாது என்கின்றனர் பிக்ஹு அறிஞர்கள். அந்தத் தோட்டம் காய்க்காவிட்டால் விற்றவனுக்கு வேறு வழியில்லை. ஒரேயொரு கம்பனி, அதுவும் இன்னும் செய்து முடிக்காத இயந்திரம், அந்த ஒற்றைத் தோட்டமல்லாமல் வேறென்ன?

தவணையிலும் சிக்கல் உண்டு. பேரீச்சம்பழம் ஒரு மாதம் பிந்தினாலும் பசியாற்றும். பிட்கொயினோ ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் வெளிவரும். எத்தனை இயந்திரங்கள் போட்டிக்கு வந்தாலும் அந்தத் தொகை கூடாது. சுமார் இரண்டு வாரத்துக்கொருமுறை கணக்கின் கடினமே மாற்றப்படும். 2013 தொடக்கத்தில் 30 இலட்சமளவில் இருந்த அந்தக் கடின எண், ஆண்டு முடிவில் 100 கோடியைத் தாண்டியது. பிந்தி வரும் இயந்திரம், விலை பேசிய அதே பொருளன்று.

இது வீண் பயமுமல்ல. அமெரிக்காவின் கன்சாஸில் இருந்த பட்டர்ஃபிளை லேப்ஸ் என்ற கம்பனி 2012இல் இத்தகைய இயந்திரங்களுக்கு 149 டொலர் முதல் 29,899 டொலர் வரை முன்பணம் வாங்கியது. 2013 செப்டெம்பரிலும் 20,000க்கும் அதிகமானோருக்குப் பொருள் போய்ச் சேரவில்லை. 2014இல் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளருக்கான இயந்திரங்களில் கம்பனி தனக்கே நாணயம் அகழ்ந்துகொண்டது என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2016இல் வழக்கு இணக்கத்தில் முடிந்தது.

எங்கள் கரைக்கு இது புதிய விஷயமல்ல. சிலாவத்துறையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்றார்கள். உள்ளே முத்து இல்லாமற் போகலாம். ஆனால் சிப்பி கையில் இருந்தது. 1906இல் ஓர் ஆங்கிலக் கம்பனி 20 வருடங்களுக்கு, ஆண்டுக்கு 310,000 ரூபாய் வீதம், இந்த முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி வாய்க்கவில்லை. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. அதில் பங்கு வாங்கியோர் நட்டப்பட்டார்கள். எனினும் அது முதலீடுதான். முத்து கிடைத்திருந்தால் இலாபத்திலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது.

மூன்றாவது ஒன்றுண்டு. மூழ்குபவனின் அடுத்த முழுக்கில் கிடைப்பதை இப்போதே விலைபேசுவது. அதனைத் தடுக்கும் ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் சொல்லப்பட்டாலும், ‘கரர்’ என்பதற்கு அறிஞர்கள் எடுத்துக்காட்டும் உதாரணம் அதுவே. மருமகன் செய்ய நினைப்பதும் அதுதான். கம்பனியின் முயற்சி தோற்றால் நட்டம் அவனுக்கு. வென்றால் கம்பனியின் இலாபத்தில் அவனுக்குக் காற்பங்கும் இல்லை. முழாரபாவில் பணம் போட்டவன் நட்டத்தைச் சுமப்பது இலாபத்தில் பங்குள்ளவன் என்பதால். இங்கே சுமை மட்டும் இருக்கிறது, பங்கு இல்லை. அதற்கு முதலீடு என்ற பெயர் பொருந்தாது.

இயந்திரம் சந்தைக்கு வந்தபின், வேலை செய்வதைக் கண்ணால் கண்டு வாங்கினால் அது வியாபாரம்; இலாபமோ நட்டமோ உன் பாடு என்றேன். விலை அப்போது கூடியிருக்கும் என்றான். கூடட்டும். அந்த மேலதிக விலை, இல்லாத பொருளுக்கு நகையைக் கொடுக்காமல் இருந்ததற்கான கூலி.

கடைசியில் அவனிடம் சொன்னேன்: “உம்மாட்ட நகையைக் கேட்கக்குள்ள முதலீடு எண்டு சொல்லாதே. முழுக்கு எண்டு சொல்லு. மன்னார்க் கரையில பிறந்தவ, அவவுக்கு விளங்கும்.”

அவன் இன்னும் கேட்கவில்லை.