பாதித் துறவு

போதைக்கு இலக்கியத்தில் எப்போதும் ஓர் இருக்கை உண்டு. டிக்வின்ஸி 1821இல் அபின் தின்றவனின் ஒப்புதல்களை எழுதினார். போதலேர் 1860இல் ஒரு புத்தகத்துக்குச் செயற்கைச் சொர்க்கங்கள் என்று பெயர் வைத்தார். அபினிலிருந்து மீண்டுகொண்டிருந்த நாட்களின் குறிப்புகளைக் காக்தோ 1930இல், தானே வரைந்த படங்களோடு வெளியிட்டார். இவர்களைப் படிக்கும்போது நமக்குள் ஒரு ரகசிய மரியாதை எழுகிறது. அழிந்தாலும் எதையோ பார்த்துவிட்டு அழிந்தவர்கள் என்ற எண்ணம்.

மூக்கில் விடும் சொட்டு மருந்துக்கு அடிமையானவனுக்கு இந்த வரிசையில் இடமில்லை. அவன் கனவு காண்பதில்லை. அவன் பிரக்ஞை விரிவதும் இல்லை. அவனுக்குக் கிடைப்பதெல்லாம் தெருவில் போகிற எல்லோருக்கும் காசில்லாமல் கிடைக்கும் மூச்சு ஒன்றுதான். இதனாலேயே, அறம் பற்றி யோசிக்கிறவர்களுக்கு அவன் முக்கியமானவன் என்று எனக்குப் படுகிறது. கவர்ச்சி முழுவதையும் கழித்துவிட்டால் அடிமைத்தனத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதை அவனிடம் சுத்தமாகப் பார்க்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அவனைத் தேடி அலைய வேண்டியதில்லை. இடவப்பாதி, துலா மழை என்று ஆண்டுக்கு இரு பருவம் நனையும் நிலம் இது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் காற்று கிழக்கே தூசியைக் கிளப்புகிறது. மேற்கே அண்டி ஆபீஸ்களின் புகை. அனுமார் சுமந்துபோன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று சொல்லப்படும் மருந்துவாழ்மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நாமும் தும்முகிறோம். ஜலதோஷம் வந்தால் நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பார்கள். இப்போது மருந்துக் கடையில் ஒரு சின்னப் புட்டி. ஓட்ரிவின், நாசிவியான் என்ற பெயர்கள் அமிர்தாஞ்சனம் போலப் பழகிவிட்டன. உள்ளே இருக்கும் சரக்கின் பெயர் சைலோமெட்டஸோலின் அல்லது ஆக்ஸிமெட்டஸோலின்.

அது செய்கிற காரியம் எளிமையானது. மூக்கின் உட்சுவரில் மடிப்பு மடிப்பாகச் சதை இருக்கிறது. அதன் ரத்தக் குழாய்கள் விரிந்தால் சதை வீங்கி வழி அடைபடும். மருந்து அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சில நிமிஷங்களில் வழி திறக்கிறது. எட்டு பத்து மணி நேரம் திறந்தே இருக்கிறது. மூன்று நாட்களுக்கு இதைவிட நேர்மையான மருந்து இல்லை எனலாம். சங்கடம் அதற்குப் பிறகு. மருந்து விலகியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிகின்றன. பத்து மணி நேரம் ஆறாகிறது, நான்காகிறது. இரண்டு சொட்டு நான்காகிறது. ஜலதோஷம் என்றோ போய்விட்டது. இப்போது இருப்பது மருந்தால் வந்த அடைப்பு. அதைத் தீர்ப்பதும் அதே மருந்து.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த செய்தியல்ல. 1940களிலேயே மருத்துவர்கள் இதற்கு ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா என்று பெயர் வைத்தாகிவிட்டது. மருந்து தந்த மூக்கழற்சி என்று பொருள். அப்போது புழக்கத்தில் இருந்தவை வேறு சொட்டுகள். ஆக்ஸிமெட்டஸோலின் ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்தில் உருவானது 1961இல். ஆக, நம் சட்டைப்பையில் இருக்கும் புட்டி பிறப்பதற்கு முன்பே அது தரப்போகும் நோய்க்குப் பெயர் தயாராக இருந்தது. 2022இல் மத்திய சுகாதார அமைச்சகம், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று பதினாறு மருந்துகளை வரைவு ஒன்றில் பட்டியலிட்டபோது இந்தச் சொட்டுகளும் அதில் இருந்தன. ஐந்து நாட்களுக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. ஐந்து நாளுக்கான மருந்தைப் பதினோரு வருஷமாக விட்டுக்கொள்கிறவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு புட்டி சட்டைப்பையில், ஒன்று ஆபீஸ் மேஜை இழுப்பறையில், ஒன்று தலையணைக்கடியில்.

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இது பழகிய கணக்கு. நகையை அடகு வைத்தவர், கெடு முடிகிற அன்று வட்டியை மட்டும் கட்டிவிட்டு அதே நகையைத் திருப்பி வைக்கிறார். வெளியே போகும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதி பொய்யல்ல. ஆனால் கடன் அப்படியே இருக்கிறது. நகை அவருடையதுதான், கழுத்தில்தான் இல்லை. சொட்டு மருந்துக்காரனின் மூச்சும் இப்படித்தான். நாளை விட வேண்டிய மூச்சை ஈடு வைத்து இன்றைய மூச்சை வாங்குகிறான். ஒவ்வொரு முறையும் வட்டி கொஞ்சம் கூடுகிறது.

இவனிடம் நம் அற நூல்கள் என்ன சொல்லும்? ஆசையை அறு என்று சொல்லும். பற்றை விடு என்று சொல்லும். ஆனால் இவனிடம் ஆசை எங்கே இருக்கிறது? நம் தாத்தாக்களின் மூக்குப் பொடியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். பொடியில் ஒரு சுகம் இருந்தது, காரம் இருந்தது, தும்மல் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து ஒரு டப்பியிலிருந்து நான்கு பேர் எடுத்துக்கொள்ளும் உறவு இருந்தது. பொடி போடுகிறவரைக் கண்டிக்கலாம், கேலி செய்யலாம், விட்டுவிட்டால் பாராட்டலாம். சொட்டு மருந்துக்காரன் புட்டியை யாரிடமும் நீட்ட முடியாது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தலையை நிமிர்த்துகிறான். அவன் கேட்பது சுகம் அல்ல, சுகக்கேடு இல்லாத ஒரு ஸ்திதி. மூச்சு விட விரும்புகிறவனிடம் ஆசையைத் துற என்று எப்படிச் சொல்வது?

ஆசை இல்லாத இடத்திலும் அடிமைத்தனம் இருக்க முடியும் என்பதுதான் இவன் நமக்குத் தரும் முதல் பாடம். அதன் வேர் ஒரு தவறான அபிப்பிராயத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூக்கு என்றால் இரண்டு துவாரமும் எப்போதும் முழுசாகத் திறந்திருக்க வேண்டும் என்ற அபிப்பிராயம். எந்த ஆரோக்கியமான மூக்கும் அப்படி இருப்பதில்லை. ஒரு பக்கம் விரியும்போது மறுபக்கம் சற்று வீங்கி ஓய்வெடுக்கிறது; சில மணி நேரம் கழித்து இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. மேற்கே கய்சர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895இல் இதை எழுதிவைத்தார். இடகலை, பிங்கலை என்று மூச்சு பக்கம் மாறுவதைக் கணக்கிட்ட நம் சர நூல்காரர்களுக்கு இது பழைய செய்தி. அவர்கள் அதில் ஏற்றிய பலாபலன்களை நான் ஏற்கவில்லை. ஆனால் மூச்சைக் கவனிக்க அவர்களுக்குப் பொறுமை இருந்தது. பாதி அடைந்திருப்பதும் மூக்கின் இயல்பு என்பது புட்டிக்காரனுக்கு மறந்துவிட்டது. அரை அடைப்பையும் நோயாகக் கண்டு அவன் கை புட்டிக்குப் போகிறது.

அந்த வீக்கம் வெட்டியாக இருப்பதும் அல்ல. ஒரு மனிதன் நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறான். அதைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி தட்டி நுரையீரலுக்கு அனுப்புவது ரத்தம் நிறைந்த அந்தச் சதைதான். அந்த வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று தன் தொண்டையிலேயே தெரிந்துகொண்ட ஒரு மருத்துவர் இந்த மாவட்டத்தில் இருந்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருபதாண்டுகளுக்கு மேல் கத்தி பிடித்த சாமர்வெல். 1924 ஜூன் 4ஆம் தேதி எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறியவர். மூச்சு இரைக்க இரைக்க, உறைந்த வறண்ட காற்று பல நாட்களாக அவர் தொண்டையைத் தாக்கியிருந்தது. இறங்கும் வழியில் தொண்டையின் உட்தோல் உரிந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. முன்னால் போன நார்ட்டனைக் கூப்பிடக் குரல் இல்லை. சாகத் தயாராகிப் பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக இரண்டு கைகளாலும் மார்பை அழுத்தினார். அடைப்பு வெளியே வந்தது. காற்று தடையின்றிப் பாய்வதுதான் மூச்சு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தடை போலத் தோன்றும் அந்த ஈரமான சதை இல்லாவிட்டால் காற்றே நம்மை அறுத்துவிடும்.

சரி, விடுவது எப்படி? நமக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. ஒரே வெட்டு. புத்தர் நள்ளிரவில் அரண்மனையை விட்டார். பட்டினத்தார் கப்பல்களையும் வீட்டையும் ஒரே நாளில் உதறினார். துறவு என்றாலே நமக்கு முழுத் துறவு. பாதியில் நின்றவனைப் பற்றி நாம் கதை சொல்வதில்லை. புட்டிக்காரனும் இந்த மரபில் வந்தவன் ஆகையால் ஒரு நாள் புட்டியைக் கிணற்றுக்குள் வீசுகிறான். அன்று இரவு இரண்டு மணிக்கு வாய் உலர்ந்து, தலை கனத்து எழுந்து உட்காருகிறான். காலையில் கடை திறக்கும் முன் வாசலில் நிற்கிறான். உறுதி குறைவு என்று தன்னையே திட்டிக்கொள்கிறான். அடுத்த மாதம் மறுபடி ஒரு சபதம்.

இத்தாலிய நாவலாசிரியர் ஸ்வேவோ 1923இல் எழுதிய ‘ஸீனோவின் மனசாட்சி’யில் ஒருவன் தன் ‘கடைசி சிகரெட்’டின் தேதிகளைச் சுவரெல்லாம் எழுதிவைக்கிறான். ஒவ்வொரு கடைசி சிகரெட்டும் மற்ற சிகரெட்டுகளைவிட ருசியாக இருக்கிறது. சபதமே பழக்கத்தின் ஒரு பகுதியாகிவிடும் என்பதை ஸ்வேவோ பார்த்துவிட்டார். நம் ஊரிலும் நாற்பத்தொரு நாள் மாலை போட்டுக்கொண்டு குடியை நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்த விரதம் உண்மையானது, அதில் பாவனை இல்லை. மாலையைக் கழற்றுகிற நாளும் அதே அளவு உண்மையானது. முழுத் துறவு தன்னைப் பெரிதாக நினைக்க வைக்கிறது. உடம்பு அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வீங்கிய சதைக்கு லட்சியவாதம் புரியாது.

மருத்துவர்கள் சொல்லும் வழிகளில் ஒன்று என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. வலது நாசியில் மருந்தை அடியோடு நிறுத்திவிடுவது, இடது நாசியில் வழக்கம்போல் விட்டுக்கொள்வது. முதல் சில நாட்கள் வலது பக்கம் சுவர்போல் அடைத்துக் கிடக்கும். ஆனால் இடது பக்கம் திறந்திருப்பதால் ஆள் தூங்கலாம், ஆபீஸ் போகலாம். ஒன்றிரண்டு வாரத்தில் வலது பக்கம் தானாகவே இளகுகிறது. சிலருக்கு இன்னும் சில நாள் பிடிக்கும். அதன் பிறகே இடது பக்கத்துக்கும் நிறுத்தம். உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்வார்கள். தேவைப்பட்டால் சில வாரங்களுக்கு வேறு வகை ஸ்ப்ரே ஒன்றும் எழுதிக்கொடுப்பார்கள்.

இந்த உபாயத்துக்குள் ஒரு தத்துவம் இருக்கிறது. முழுத் துறவு ஒருவனிடம் நம்பிக்கை கேட்கிறது. அக்கரை உண்டு, குதி என்கிறது. பத்து வருஷமாகத் தன் சொந்த மூச்சு எப்படி இருந்தது என்பதே மறந்துபோனவனுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? ஒற்றை நாசி முறை நம்பிக்கை கேட்பதில்லை, சாட்சி தருகிறது. இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, மருந்து விட்ட பக்கம் அடைத்திருக்க, மருந்து விடாத பக்கம் திறந்திருக்கிறது. ஒரே முகத்தில், ஒரு விரற்கடை இடைவெளியில், அடிமைப்பட்ட நாடும் விடுதலை பெற்ற நாடும் பக்கத்தில் பக்கத்தில். இதற்கு மேல் அவனுக்கு உபதேசம் தேவையில்லை. ஒரு பக்கம் உழைக்க மறு பக்கம் ஓய்வது என்ற மூக்கின் சொந்த விதியைத்தான் இந்த முறையும் பின்பற்றுகிறது என்பது இன்னொரு அழகு.

இது சமரசம்தானே என்று கேட்கலாம். சமரசம் என்பதை வசைச் சொல்லாகவே வைத்திருக்கும் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் கேட்காவிட்டால் யார் கேட்பது? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சமரசக்காரன் எதையும் முழுசாக விடுவதில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, குறைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறான். எட்டுச் சொட்டை ஆறாக்குகிறவன் அவன். பாதித் துறவி அப்படியல்ல. தன் முகத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு வலது பக்கம் ஒரு சொட்டும் இல்லை என்கிறான். இடது பக்கம் தான் இன்னும் அடிமை என்பதை மறைப்பதும் இல்லை. பரப்பு பாதி, விட்டது முழுசு. பொய் சொல்லாமல் பலவீனமாக இருப்பதற்கு இடம் தரும் ஓர் ஒழுக்கம் இது. நம் அற மரபில் வீரர்களுக்கும் பாவிகளுக்கும் இடமுண்டு. இத்தகைய ஆசாமிக்கு இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை.

மீண்டவனுக்குப் பரிசு எதுவும் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடு எலும்பு கோணலாக இருந்தால் அது கோணலாகவே இருக்கும். தூசி ஒவ்வாதவனுக்குத் தூசி ஒவ்வாது. அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும். திரும்பக் கிடைப்பது அவன் பழைய, சுமாரான மூக்கு. பருவம் தவறாமல் அடைக்கும், தானாகத் திறக்கும். நாளாக ஆகத் தனக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதையே அவன் மறந்துவிடுவான். டிக்வின்ஸிக்குக் கிடைத்த பக்கங்கள் இவனுக்குக் கிடைக்காது. எழுத ஒன்றும் இருக்காது. ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத ஒரு மூச்சைவிட மேலான விடுதலையை நான் கேள்விப்பட்டதில்லை.