சாமி பொது, வீடியோவும் பொதுவா?

போன கிருத்திகைக்கு குமரகோட்டம் சுவாமி புறப்பாட்டை ஒருத்தர் அருமையா வீடியோ எடுத்துப் போட்டிருந்தார். மூலையில இருந்த அவர் சேனல் பேரை வெட்டிட்டு எல்லா குரூப்புக்கும் அனுப்பினேன். ‘அரோகரா’ன்னு பதில் குவிஞ்சுது. பெருமையா அப்பாகிட்ட காட்டினேன்.

"யார்டா எடுத்தது?" தறியில இருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

எங்களுது பிள்ளையார்பாளையம், நெசவு வீடு. அப்பா கோர்வை போட்டு நெய்யற பார்டரை விசைத்தறியில அடிச்சு ‘காஞ்சிப் பட்டு’ன்னே விக்கிறாங்க. 2005-லயே புவிசார் குறியீடு வந்தும் இந்தக் கதை. அதைத் திட்டுற வீட்டுப் பிள்ளை நான்!

சாமி எல்லாருக்கும் சொந்தம்தானேன்னு வாதாடிப் பார்த்தேன். சாமி சரி. நெரிசல்ல கையைத் தூக்கிக்கிட்டு நின்னது அவர். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவே செய்யலைன்னாலும் எடுத்தவருக்கு உரிமை உண்டு. அட, சட்டத்தை விடுங்க. கந்தபுராணத்துக்கு முருகனே அடியெடுத்துக் கொடுத்தார்னுதான் நம்புறோம். அரங்கேறினதும் இதே குமரகோட்டத்துல. அதுக்காக கச்சியப்பர் பேரை யாராவது வெட்டினோமா?

டவுன்லோட் பண்ணி அனுப்பினா வியூ அவருக்குப் போகாது. எல்லா குரூப்லயும் அழிச்சிட்டு லிங்க்கையே அனுப்பினேன். அவர்கிட்ட மன்னிப்பு கேட்டும் மெசேஜ் போட்டிருக்கேன். இன்னும் ப்ளூ டிக் வரலை.